பின்வளவில் ஓர் அறை: மல்வேர்ன் வீடுகளும் நான்கு கேள்விகளும்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலுள்ள மல்வேர்னில் ஒரு வீட்டின் பின்னால் அறை எழும்ப வேண்டுமானால், பல வேளைகளில் முதலில் அந்த வீட்டின் முன்னால் ஓர் அறிவிப்பு நிற்க வேண்டும். இந்த வீட்டுக்காரர் சட்டம் சொல்லும் அளவைச் சற்று மீறிக் கட்ட அனுமதி கேட்கிறார், சொல்ல ஏதும் இருப்பவர்கள் இன்ன திகதியில் சொல்லலாம் என்று அது தெருவுக்கே தெரிவிக்கிறது. 60 மீற்றர் சுற்றுவட்டத்தில் காணி வைத்திருக்கும் எல்லோருக்கும் அதே செய்தி போகிறது. நம்மவர்கள் பலர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். வீட்டு விஷயத்தை ஊருக்கு ஏன் சொல்ல வேண்டும், அயலவன் மாட்டேன் என்றால் என்ன செய்வது, நகரசபைக்காரன் உள்ளே வந்து பேஸ்மென்ட்டையும் பார்த்துவிட்டால்? இந்தப் பயத்தால் பேர்மிட் எடுக்காமலே சுவர் எழுப்பிய குடும்பங்கள் உண்டு. எழுப்ப வேண்டிய அறையை எழுப்பாமலே காலத்தைக் கடத்திய குடும்பங்களும் உண்டு. இரண்டுமே வேண்டாத துன்பம்.

தேவை எங்கிருந்து வருகிறது என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். மல்வேர்னின் இரண்டு மாடி வீடுகளில் பெரும்பாலும் படுக்கையறைகள் எல்லாம் மேலே. கீழே வரவேற்பறையும் குசினியும், பெரும்பாலும் ஒரு சின்னக் கழிவறையும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து இரண்டு வேலை செய்து வீடு வாங்கியவர்களுக்கு இப்போது முழங்கால் நோகிறது. அவர்கள் அழைத்துவந்த அம்மாவோ அப்பாவோ இன்னும் இருந்தால், படி ஏறுவது அன்றாடச் சோதனை. பேரப்பிள்ளைகள் பேஸ்மென்ட்டில் படிக்கிறார்கள். கல்யாணம் முடித்த மகளுக்கு இந்த நகரத்தில் தனி வீடு வாங்கும் வசதி இல்லை. கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை இருந்தால் ஒரு குடும்பத்தின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வீடுகள் ஏன் இப்படிச் சின்னதாக அமைந்தன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஃபின்ச் வீதியும் மார்க்கம் வீதியும் சந்திக்கும் இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்த ஒரு சிற்றூரின் பெயர்தான் மல்வேர்ன். 1950களில் மத்திய அரசின் வீடமைப்பு நிறுவனம் அங்கிருந்த பண்ணை நிலங்களைக் கையகப்படுத்தியது. நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது திட்டம். இருபது ஆண்டுகள் இழுபட்டு, 1970களின் தொடக்கத்தில்தான் குடும்பங்கள் குடியேறின. 'ஹோம்' என்ற மாகாணத் திட்டத்தின் கீழ் வீடு வாங்க விரும்பியவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிக் காணி கொடுத்தார்கள். மலிவாகக் கொடுக்க வேண்டும் என்பதால் காணிகள் ஒடுங்கியிருந்தன, வீடுகள் நெருங்கியிருந்தன.

அந்தக் காணிகளில் சிலவற்றுக்கு வேறொரு சோகமும் இருந்தது. மக்ளூர் கிரசென்ட் என்ற தெருவில் 1980இல் மண்ணுக்குள் ரேடியம் கலந்திருப்பது தெரியவந்தது. குடியிருந்தவர்கள் மாகாண அரசின்மேல் வழக்குப் போட்டு வென்றார்கள். அந்த மண் அகற்றப்பட 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீட்டில் வீடு பெற்ற சாதாரணக் குடும்பங்கள் அரசை நீதிமன்றத்தில் நிறுத்திய ஊர் இது. ஒரு சின்னக் குழுவின் முன்னால் போய் நிற்க இங்கே யாரும் அஞ்சத் தேவையில்லை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அளவுகளுக்கு வருவோம். ஸ்காபரோ தனி நகரமாக இருந்த காலத்தில் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் தனித்தனி சோனிங் சட்டம், அதாவது காணியில் எதை எந்த அளவில் கட்டலாம் என்று சொல்லும் சட்டம், வைத்திருந்தது. மல்வேர்னுடையது 14402ஆம் இலக்கச் சட்டம். 1998இல் ஆறு நகரசபைகளும் ஒரு வட்டார சபையும் ஒன்றாகி இன்றைய ரொறன்ரோ பிறந்தது. பழைய சட்டங்களையெல்லாம் ஒன்றாக்கி 569-2013 என்ற பொதுச் சட்டத்தை நகரசபை நிறைவேற்றியது 2013இல். அதன்மேல் வந்த மேல்முறையீடுகள் பல ஆண்டுகள் நடந்தபடியால், ஒரே வரைபடத்தைப் பழைய சட்டத்தின்படியும் புதிய சட்டத்தின்படியும் பரிசோதிக்க வேண்டிய நிலை நீண்டகாலம் இருந்தது.

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். தனிவீட்டு வலயத்தில் முகப்பு 9 மீற்றர் அகலமான காணி. புதிய சட்டப்படி பக்கச் சுவருக்கும் எல்லை வேலிக்கும் நடுவில் 0.9 மீற்றர் இடைவெளி வேண்டும். வீடோ எழுபதுகளில் அன்றைய சட்டத்துக்கு உட்பட்டு 0.6 மீற்றர் விட்டுக் கட்டப்பட்டது. இருக்கிற வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை, அது முறைப்படி இருந்தது, இருக்கலாம். ஆனால் அந்தச் சுவரை அதே நேர்கோட்டில் பின்னுக்கு நீட்டி ஓர் அறை போட்டால் புதிய பகுதி இன்றைய அளவுக்கு வந்தாக வேண்டும். 30 சென்ரிமீற்றர் குறைகிறது. சுவரை உள்ளே தள்ளினால் கட்டில் போட்டபின் சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. தள்ளாவிட்டால் விலக்கு வேண்டும். பின்வளவில் வேலிவரை 7.5 மீற்றர் அல்லது காணி ஆழத்தின் கால் பங்கு, இரண்டில் எது கூடவோ அது வெறுமையாக இருக்க வேண்டும். வீட்டின் மொத்த நீளம் 17 மீற்றரைத் தாண்டக் கூடாது. காணியில் எத்தனை வீதத்தைக் கட்டடம் மூடலாம் என்றும் ஓர் எல்லை இருக்கும். சில தெருக்களுக்குத் தனி விதிவிலக்குகளும் எழுதப்பட்டிருப்பதால், பக்கத்து வீட்டுக்காரர் கட்டியதைப் பார்த்து அதே அளவில் நாமும் கட்டலாம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது.

இந்தச் சிறிய விலகலுக்குப் பெயர் மைனர் வேரியன்ஸ். அதைக் கொடுப்பதா இல்லையா என்று தீர்மானிப்பது கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட். அமெரிக்காவில் சோனிங் போர்ட் என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதே வேலை. இதில் இருப்பவர்கள் நகரசபை நியமிக்கும் குடிமக்கள். அதிகாரிகளும் அல்ல, கவுன்சிலர்களும் அல்ல. ஸ்காபரோவுக்கு ஒரு பிரிவு தனியாக இருக்கிறது. முன்பு ஸ்காபரோ சிவிக் சென்டரில் கூடுவார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு விசாரணைகள் இணையவழிக்கு மாறின. 1973இல் திறக்கப்பட்ட அந்த சிவிக் சென்டரை வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்களை அரசு வீடுவாசலிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தபோது அதில் ஒரு சிறுவனாக இருந்தவர். அந்த முகாமில் தனக்கென்று ஒரு மரவீடு கட்டிக்கொண்டதைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவர். வீடிழந்து இங்கே வந்தவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

விஷயத்தின் மையம் இதுதான். ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டம், 45ஆம் பிரிவில், குழு நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்கிறது. நகரத்தின் நீண்டகால அதிகாரபூர்வத் திட்டத்தின் நோக்கத்துக்கு இந்த விலகல் ஒத்துப்போகிறதா? சோனிங் சட்டத்தின் நோக்கத்துக்கு ஒத்துப்போகிறதா? அந்தக் காணியை முறையாகப் பயன்படுத்துவதற்கு இது விரும்பத்தக்கதா? இது சிறியதா? நான்குக்கும் ஆம் என்று பதில் வர வேண்டும். மூன்றில் தேறி ஒன்றில் தவறினால் போதாது. ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியே எடை போட வேண்டும் என்று ஒன்ராறியோவின் டிவிஷனல் நீதிமன்றம் 2005இல் தெளிவாகச் சொன்னது.

இந்த நான்கில் எங்கேயும் அம்மாவுக்கு முழங்கால் நோகிறதா என்ற கேள்வி இல்லை. நம்மவர்கள் குழுவின் முன் போகும்போது பெரும்பாலும் எடுத்துச் செல்வது குடும்பக் கதையை. அது உண்மையான கதை, கண்ணீர் வரவைக்கும் கதை. ஆனால் குழுவுக்கு அது தீர்ப்பு எழுத உதவாது. இந்த அனுமதி ஆளுக்கு அல்ல, காணிக்கு ஒட்டுவது. நாளைக்கு நீங்கள் வீட்டை விற்றாலும் அனுமதி அங்கேயே இருக்கும். ஆகவே அவர்கள் பார்ப்பது அந்தச் சுவர் தெருவுக்கும் பக்கத்து வளவுக்கும் என்ன செய்யும் என்பதை: நிழல் எவ்வளவு விழும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், புதிய ஜன்னல் யாருடைய முற்றத்தை எட்டிப் பார்க்கும், சுவரைத் திருத்த ஏணி வைக்க இடம் மிஞ்சுமா.

இதைக் கல்நெஞ்சம் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. குடும்பக் கதைக்கு மார்க் போடும் முறை இருந்திருந்தால் ஆங்கிலத்தில் அழகாக அழுது சொல்லத் தெரிந்தவருக்கு அறை கிடைத்திருக்கும், சொல்லத் தெரியாத அம்மம்மாவுக்குக் கிடைத்திருக்காது. அளவு எல்லோருக்கும் ஒரே மொழியில் பேசுகிறது. ஆனால் அந்த அளவுகளை எழுதியவர்களின் மனதில் இருந்தது ஒரு தாய், ஒரு தந்தை, இரண்டு பிள்ளைகள், வயது வந்தால் வெளியே போய்விடும் பிள்ளைகள். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்வதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் கதவாகத்தான் இந்தக் குழு இருக்கிறது.

ஆகவே குடும்பத் தேவையைக் காணியின் பேச்சாக மாற்ற வேண்டும். மேற்சொன்ன வீட்டின் வழக்கை இப்படிச் சொல்லலாம்: சுவர் இருக்கிற கோட்டிலேயே நீள்கிறது, தெருவில் நின்று பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது. ஒரு மாடிதான், ஆகவே பக்கத்து வளவின் வெயிலை மறைக்காது. அந்தப் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்கவில்லை. கூரைத் தண்ணீர் நமது வளவுக்குள்ளேயே இறங்குகிறது. இதே தெருவில் இதே அளவு விலக்குகள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கின்றன. கடைசியில் சொன்னதை நிரூபிப்பது கடினமில்லை, நகரசபையின் இணையதளத்தில் விண்ணப்பங்களைத் தெருப் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம். வயதான பெற்றோர் படியேறாமல் வாழ இடம் கிடைக்கிறது என்பதை மூன்றாவது கேள்விக்கான விடையில் ஒரு வரியாகச் சொல்லலாம். அங்கே அது பொருந்தும்.

குழுவுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். வரைபடத்தை நகரசபையின் கட்டடப் பிரிவிடம் கொடுத்துச் சோனிங் பரிசோதனை செய்விக்க வேண்டும். எந்தெந்த இடத்தில் எத்தனை சென்ரிமீற்றர் சட்டத்தோடு முட்டுகிறது என்று பரிசோதகர் எழுதித் தருவார். அதைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் வரைபடத்தைத் திருத்துங்கள். ஐந்து விலகல் கேட்கும் விண்ணப்பத்தைவிட ஒன்று கேட்கும் விண்ணப்பம் குழுவின் முன் இலகுவாக நிற்கும். சில வேளைகளில் அறையை அரை மீற்றர் சுருக்கினால் குழுவுக்கே போக வேண்டியிராது, நேரே பேர்மிட்டுக்குப் போய்விடலாம். குழுவின் கட்டணம், வரைஞருக்குக் கொடுப்பது, காத்திருக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் அந்த அரை மீற்றரின் விலையை முடிவு செய்ய வேண்டும்.

விசாரணை நாளில் உங்கள் விண்ணப்பத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் சில நிமிடங்கள்தான். வரைஞரே பேசலாம், நீங்களும் பேசலாம். குழு சம்மதிக்கலாம், நிபந்தனையோடு சம்மதிக்கலாம், மறுக்கலாம், திருத்திக்கொண்டு வரச் சொல்லி ஒத்திவைக்கவும் செய்யலாம். மறுத்தால் 20 நாட்களுக்குள் ரொறன்ரோ உள்ளூர் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். 2017 மே மாதத்திலிருந்து அது இயங்குகிறது. 2022 நவம்பரில் நிறைவேறிய மாகாணச் சட்டமான பில் 23 இந்த இடத்தில் ஒரு பெரிய மாற்றம் செய்தது: அனுமதி கிடைத்தபின் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அயலவர்களுக்கு இப்போது இல்லை. வீடு பெருப்பிக்கிறவருக்கு இது நிம்மதி. ஆனால் நாமும் யாரோ ஒருவருக்கு அயலவர்தான். நமக்குச் சொல்ல ஏதும் இருந்தால் அது விசாரணையிலேயே சொல்லப்பட வேண்டும், பிறகு கதவு இல்லை. தபாலில் வரும் அறிவித்தலை விளம்பரத் தாளோடு சேர்த்துக் குப்பையில் போடாதீர்கள்.

நம் சமூகத்தில் நகரசபை என்றதும் வரும் நடுக்கத்துக்கு வேர் பேஸ்மென்ட்டில் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கனடாவில் முதல் கூரை ஒரு நிலவறை. அந்தக் காலத்தில் ரொறன்ரோவின் புறநகர்ச் சபைகள் பலவற்றில் நிலவறையை வாடகைக்கு விடுவதே சட்டத்துக்கு விரோதம். 1994இல் மாகாண அரசு பில் 120 மூலம் அதைச் சட்டபூர்வமாக்கியது. அடுத்து வந்த அரசு அந்தச் சட்டத்தை இல்லாமல் செய்து, 1995 நவம்பர் 16இல் இருந்தவற்றை மட்டும் விட்டுவைத்தது. புதிய ரொறன்ரோ நகரசபை இரண்டாவது குடியிருப்பை நகரம் முழுவதும் அனுமதித்தது 2000இல்தான். இடைப்பட்ட காலத்தில் யாரோ முறைப்பாடு செய்துவிடுவார்கள் என்று பக்கவாசலால் சத்தமில்லாமல் போய்வரப் பழகிய ஒரு தலைமுறை நம்மிடம் இருக்கிறது. அந்தப் பழக்கம் சட்டம் மாறிய பிறகும் போகவில்லை.

சட்டம் உண்மையாகவே வெகுதூரம் மாறிவிட்டது. 2022இல் பின்வளவில் தனிச் சிறு வீடு கட்ட நகரசபை வழி திறந்தது. அதே ஆண்டின் பில் 23, தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள குடியிருப்புக் காணியில் மூன்று குடியிருப்புகள் வரை மாகாணம் முழுவதும் அனுமதித்தது. 2023 மே மாதம் ரொறன்ரோ நான்காக உயர்த்தியது. 2025 ஜூனில் ஆறு குடியிருப்புக் கட்டடங்களை அனுமதித்தபோது நகரசபை முழு நகரத்துக்கும் கொடுக்கவில்லை. பழைய ரொறன்ரோ, கிழக்கு யோர்க் பகுதிகளோடு ஸ்காபரோவில் 23ஆம் வார்டான ஸ்காபரோ வடக்கு மட்டும் சேர்க்கப்பட்டது. ஆகவே மல்வேர்னில் இருப்பவர் தனது வீடு எந்த வார்டில் விழுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. வேலியோரத்து இடைவெளி அளவுகளில் சிறு வீத விலகலுக்குக் குழுவிடம் போகாமலே கட்ட வழி செய்யும் மாகாணச் சட்டமும் 2025 ஜூனில் நிறைவேறியது.

1912இல் குடியிருப்புத் தெருக்களில் அடுக்கு வீடுகளே கூடாது என்று தடை போட்ட நகரம் இது. வாடகைக்கு இருப்பவர்களையும் புதிதாக வந்தவர்களையும் தனிவீட்டுத் தெருக்களுக்கு வெளியே வைத்திருக்க அந்தத் தடை உதவியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துத்தான் இந்த மாற்றம் வந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருட்டில் கட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இருட்டில் கட்டுவதன் விலையையும் சொல்ல வேண்டும். பேர்மிட் இல்லாமல் கட்டினால் வேலையை நிறுத்தும் உத்தரவு வரும். ஒன்ராறியோ கட்டடச் சட்டப்படி தனிநபர் ஒருவருக்கு முதல் குற்றத்துக்கே 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். வீடு விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் பேர்மிட் கேட்பார். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது தீ. பேர்மிட்டோடு கட்டும்போது பரிசோதகர் வந்து பார்ப்பது புகை அறிவிப்பான் வேலை செய்கிறதா, இரண்டு குடியிருப்புக்கும் நடுவில் தீ தாங்கும் தடுப்பு இருக்கிறதா, படுத்திருப்பவர் வெளியேற வழி இருக்கிறதா என்பதை. அம்மாவுக்காகக் கட்டும் அறையில் அம்மா தூங்கப் போகிறார். அந்தப் பரிசோதனையை யாரும் தொல்லையாக நினைக்கக் கூடாது.

அனுமதி கேட்டுத் தட்ட வேண்டிய வேறு சில வாசல்களும் உண்டு. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தைச் சொந்த வளவிலும் அனுமதியின்றி வெட்டவோ காயப்படுத்தவோ முடியாது. அத்திவாரம் வேரை வெட்டினாலும் அது காயம்தான். மோர்னிங்சைட் ஓடைப் பள்ளத்தை ஒட்டிய வீடுகளுக்கு ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதியும் வேண்டியிருக்கலாம். 1954 ஒக்டோபரில் ஹேசல் சூறாவளி வெள்ளத்தில் 81 பேர் இறந்த பிறகு பள்ளத்தாக்குகளில் கட்டுவதை இந்த நகரம் இறுக்கிவிட்டது. கொண்டோமினியம் டவுன்ஹவுஸில் இருப்பவர்கள் நகரசபைக்கு முன் தங்கள் நிர்வாக சபையிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று கொடுத்து உடனடியாகக் கட்டட அனுமதி பெறலாம். அங்கிருக்கும் உறவினர்கள் அதைச் சொல்லும்போது இங்குள்ளவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். ஆனால் அந்தச் சுயசான்று விதிக்குள் அடங்கும் வீட்டுக்குத்தான். விதியைத் தாண்ட வேண்டியவரின் பேச்சைக் கேட்டு, பக்கத்துக் காணிக்காரரின் பேச்சையும் கேட்டு, காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்வது வேறு வேலை. யாழ்ப்பாணத்தில் ஒரு கதியால் அரை அடி தள்ளி நட்டதற்காக இரண்டு தலைமுறை முகம் பார்க்காமல் வாழ்ந்த குடும்பங்களை நம்மில் பலருக்குத் தெரியும். இங்கே அந்த அரை அடியை ஒரு மேசைமேல் வைத்து எல்லோர் முன்னாலும் பேச இடம் தந்திருக்கிறார்கள்.

அயலவரிடம் அறிவித்தல் போகும் முன்னர் நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள். வரைபடத்தைக் காட்டுங்கள். அவருக்கு வெயில் பற்றியோ தண்ணீர் பற்றியோ கவலை இருந்தால் வரைபடம் தாளில் இருக்கும்போதே திருத்திவிடலாம். எதிர்ப்பில்லை என்று முகவரியோடு அவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அது குழுவின் கோப்பில் சேரும். ஆங்கிலம் தடையாக இருந்தால் 311ஐ அழைத்துத் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். உங்கள் தெருவில் வேறொருவர் விண்ணப்பித்து, அவர் கட்டுவதில் உங்களுக்குக் குறையில்லை என்றால், அதே இரண்டு வரியை அவருக்காக நீங்கள் எழுதி விசாரணைக்கு முன் அனுப்பிவிடுங்கள்.